பேத்தியோடு எந்த பாஷையில் பேசுவது?

வெளிநாட்டில் நம் நாட்டுப்பெண்களுக்குப் பலரும் செய்யும் உபதேசம், "வீட்டிலும் இங்கிலீஷே பேசு, இல்லாவிட்டால் குழந்தை குழம்பும்" என்பது. விஞ்ஞானம் படித்த நான் இதை ஏற்கவில்லை. 1984-ல் கனடாவில் வெர்க்கர், டீஸ் இருவரும் வெளியிட்ட ஆராய்ச்சியில், இங்கிலீஷ் பேசும் வீட்டுக் குழந்தைகள் 6 முதல் 8 மாதத்தில் ஹிந்தியின் 'ட', 'த' ஒலிகளைப் பிரித்தறிந்தன. (நமது படம், பதம் மாதிரிதான்.) ஒரு வயதுக்குள் அத்திறன் பெரும்பாலும் குறைந்துவிட்டது. ஆகவே ஐந்து வயதில் வாரம் ஒருநாள் தமிழ்ப் பள்ளி என்பது தாமதம். குளிப்பாட்டும்போதும் சாதம் ஊட்டும்போதும் தமிழில் பேசவேண்டும். வீடியோவில் "ஹவ் ஆர் யூ" கேட்கும் தாத்தாக்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்! என் மனைவிக்கு இங்கிலீஷ் வராது. நியூஜெர்ஸியில் பேத்திக்கு நான்கு வயது. தினமும் அரைமணி இருவரும் பேசுகிறார்கள். விஷயம் என்னவென்று எனக்குச் சொல்வதில்லை.