பனிக்காலத்தில் பிள்ளை காப்போம்



கேரளத்தில் இடுக்கி மாவட்டத்தில் மூணாறு இருக்கிறது. மலை மேல் உள்ள ஊர். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். அங்கே வேலை செய்வோரில் பலர் தமிழர். தலைமுறை தலைமுறையாக லயங்களில் வாழ்கிறார்கள்.

டிசம்பர், ஜனவரி மாதங்களில் அங்கே கடுங்குளிர். சில இரவுகளில் வெப்பம் 0 டிகிரிக்கும் கீழே போகும். விடிந்து பார்த்தால் புல்லின் மேல் உப்புக் கொட்டியது போல உறைபனி கிடக்கும். பனி பட்ட தேயிலைக் கொழுந்து கருகிப் போகும்.

செடியில் கருகிய கொழுந்து மறுபடி துளிர்க்கும். வீட்டில் இருக்கும் கொழுந்து அப்படி அல்ல. அதைப் பனிக்காலத்தில் கண்ணும் கருத்துமாகக் காக்க வேண்டும்.

ஒரு லயத்து வீட்டை நினைத்துப் பாருங்கள். ஒரு தாய். அவள் மாமியார். எட்டு மாதக் குழந்தை. குழந்தைக்கு மூன்று நாளாகச் சளி. வேலை முடிந்து வந்த தாய் குழந்தையைத் தூக்கினாள். வழக்கம் போல அது பால் குடிக்கவில்லை. முகம் வாடி இருந்தது.

"வெறும் சளிதான் தாயி. சட்டியில் கரியைப் போட்டு உள்ளே வை. கதவு, சன்னல் எல்லாம் சாத்து. சூட்டில் சரியாகிவிடும்" என்றார் மாமியார்.

"வேண்டாம் அத்தை. சாத்திய அறையில் கரி நெருப்பு ஆகாது" என்றாள் மருமகள்.

அவள் சொன்னது சரி. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக்காற்று வரும். அதற்கு நிறம் இல்லை. மணமும் இல்லை. அதனால் அது வருவது தெரியாது. தூங்குபவர் தூக்கத்திலேயே மயங்கி இறந்து போவார். வட இந்தியாவில் குளிர்காலத்தில் இப்படிக் குடும்பத்தோடு இறந்தவர்கள் உண்டு. விறகு அடுப்பின் புகையும், பீடிப் புகையும் குழந்தையின் நுரையீரலைக் கெடுக்கும்.

"அப்படியானால் பிள்ளைக்குச் சூடு எப்படி வரும்?" என்று மாமியார் கேட்டார். நல்ல கேள்வி.

தாயின் உடம்புச் சூடே முதல் சூடு. குழந்தையை மார்போடு அணைத்து, இருவரையும் சேர்த்துக் கம்பளியால் போர்த்தலாம். தடித்த துணி ஒன்றைவிட, மெல்லிய துணி இரண்டு மூன்று மேலே மேலே போடுவது நல்லது. தலைக்குக் குல்லா, காலுக்கு உறை வேண்டும். சிறுநீரில் நனைந்த துணியை உடனே மாற்ற வேண்டும். தூங்கும்போது முகத்தை மூடக் கூடாது. கழுத்தில் வியர்த்தால் ஒரு துணியைக் குறைக்க வேண்டும்.

பிறந்த குழந்தைக்குக் குளிருகிறதா என்று எப்படி அறிவது? வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் கதகதப்பாக இருந்தால் நல்லது. பாதம் மட்டும் சில்லென்றால் குளிர் பிடிக்கிறது. வயிறும் சில்லென்றால் ஆபத்து. மார்போடு அணைத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அந்தத் தாய் அடுத்து என்ன செய்தாள்? குழந்தை அயர்ந்து தூங்கும் வரை காத்திருந்தாள். சட்டையை மேலே தூக்கினாள். கடிகாரத்தை அருகில் வைத்தாள். வயிறு ஒரு முறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. முழுதாக ஒரு நிமிடம் எண்ணினாள்.

58 மூச்சு!

மறுபடி எண்ணினாள். 57.

"இது வெறும் சளி இல்லை அத்தை. கிளம்புங்கள்" என்றாள். அன்று இரவே மருத்துவமனைக்குப் போனார்கள். "நிமோனியாவின் தொடக்கம். நல்ல நேரத்தில் வந்தீர்கள்" என்றார் மருத்துவர். மருந்து கொடுத்தார். மூன்றாம் நாள் குழந்தை பழையபடி பால் குடித்தது. ஆனாலும் மருத்துவர் சொன்ன நாள் முழுவதும் அவள் மருந்தை நிறுத்தவில்லை.

அவளைக் காப்பாற்றியது எது? எண். ஒன்று, இரண்டு எண்ணத் தெரிந்த எவரும் இதைச் செய்யலாம். இந்தக் கணக்கை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

ஒரு நிமிடத்தில் எண்ணும் மூச்சு:

2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை: 60 அல்லது அதற்கு மேல்.
2 மாதம் முதல் 1 வயது வரை: 50 அல்லது அதற்கு மேல்.
1 வயது முதல் 5 வயது வரை: 40 அல்லது அதற்கு மேல்.

இவ்வளவு இருந்தால் அது வேக மூச்சு. அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுகிறதா? பால் குடிக்கவே முடியவில்லையா? குடித்ததெல்லாம் வாந்தியாகிறதா? வலிப்பு வந்ததா? எழுப்பினாலும் கண் திறக்கவில்லையா? இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. 108-க்குப் போன் செய்யுங்கள்.

கடையில் இருமல் மருந்து வாங்கி நீங்களாகக் கொடுக்காதீர்கள். 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் நச்சு கலந்த இருமல் மருந்து குடித்துப் பல குழந்தைகள் இறந்தார்கள். சளிக்குத் தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். அதற்கு மேல் தாய்ப்பாலோடு, குழையப் பிசைந்த சூடான பருப்புச் சோறும் கொடுங்கள். ஒரு வயதுக்குள் தேன் வேண்டாம். பிராந்தி எந்த வயதிலும் வேண்டாம். மூக்கில் எண்ணெய் விட வேண்டாம்.

நிமோனியா தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் இலவசம். 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என்று மூன்று முறை போட வேண்டும். தடுப்பூசி அட்டையை எடுத்துப் படித்துப் பாருங்கள். விட்டுப் போயிருந்தால் சுகாதாரப் பணியாளரிடம் கேளுங்கள்.

அந்த வீட்டில் இப்போது மாமியாரும் எண்ணக் கற்றுக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சளி என்றால், "முதலில் மூச்சை எண்ணும்மா" என்கிறார்.

இன்று இரவு உங்கள் வீட்டுக் குழந்தை தூங்கும்போது ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். நலமாக இருக்கும்போதே பழகினால், ஆபத்து வரும்போது கை நடுங்காது.