மண்ணுக்குள் இறங்கும் வெப்பம்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் விவசாயிகளும் கலந்துகொண்ட பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



மழையை அளக்க நம்மிடம் மழைமானி உண்டு. கிணற்றுத் தண்ணீரை அளக்கக் கயிறு உண்டு. ஆனால் காலை முதல் மாலை வரை நம் வயலில் விழுகின்ற வெயிலில் எவ்வளவு மண்ணுக்குள் இறங்குகிறது என்பதை நாம் அளந்ததில்லை. ‘மண் கொதிக்கிறது’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். நமது வட்டாரத்தின் கரிசல் நிலத்தில் அமைத்துள்ள செயல்விளக்கப் பாத்திகளில் அந்த வெப்பத்தை அளக்கும் தகடுகளைப் பதித்திருக்கிறோம். அவற்றைப் பற்றியும், அவற்றைக் கையாள்வதில் நாங்கள் செய்த ஒரு பிழையைப் பற்றியும் கூறுவதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

வெயில் எங்கே செல்கிறது?

வயலில் விழும் வெயில் பெரும்பாலும் மூன்று வழிகளில் செலவாகிறது. ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்குகிறது. ஒரு பங்கு காற்றைச் சூடாக்குகிறது. மூன்றாவது பங்கு மண்ணுக்குள் இறங்குகிறது. பயிர் அடர்ந்து மூடிய வயலில் இந்த மூன்றாவது பங்கு சிறியது. பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். பயிரின்றி வெறுமையாய்க் கிடக்கும் நிலத்திலோ நண்பகலில் மூன்றில் ஒரு பங்கு வரை செல்வதுண்டு. இரவில் அதே வெப்பம் மேலேறி வெளியே வந்துவிடுகிறது. ஆகவே ஒரு முழு நாளுக்குக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் மிகச் சிறிய தொகையே மிஞ்சும். ஆனால் இளநாற்றின் வேர் நாள் கணக்கைப் பார்ப்பதில்லை. நண்பகல் இரண்டு மணிச் சூட்டில்தான் அது வாடுகிறது.

இது நம் நாட்டுக்குப் புதிய ஆராய்ச்சியன்று. 1932-இல் புனேயில் இந்திய வானிலைத் துறை வேளாண் வானிலைப் பிரிவைத் தொடங்கிற்று. அங்கே எல். ஏ. ராம்தாஸ் என்னும் விஞ்ஞானியும் அவருடன் பணிபுரிந்தவர்களும் கரிசல் மண்ணின்மேல் வெண்ணிறப் பொடியைப் பரப்பி, அடிமண்ணின் வெப்பம் வெகுவாகக் குறைவதை 1930-களிலேயே காட்டினார்கள். கருநிறம் வெயிலை வாங்கிக்கொள்ளும். வெண்ணிறம் திருப்பி அனுப்பும். வைக்கோல் மூடாக்கு வெயிலை மறைப்பதோடு, ஈரத்தையும் காக்கும்.

தகட்டின் அமைப்பு

வெப்பத் தகடு உள்ளங்கையில் அடங்கும் சிறு வட்டு. சுமார் 8 செ.மீ. அகலமும் 5 மி.மீ. கனமும் உள்ளது. அதனுள் இரு வேறு உலோகக் கம்பிகள் பல இணைப்புகளாகப் பின்னப்பட்டிருக்கின்றன. தகட்டின் மேற்பக்கத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் வெப்பநிலையில் வேறுபாடு தோன்றினால், அக்கம்பிகளில் மிகச் சிறிய மின்னழுத்தம் பிறக்கும். வேறுபாடு கூடினால் மின்னழுத்தமும் கூடும். இதற்கு மின்கலம் வேண்டியதில்லை. அளவைப் பதிவு செய்யும் பெட்டிக்கு மட்டுமே மின்சாரம் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். சதுர மீட்டருக்கு 1 வாட் வெப்பம் கடந்தால் 60 மைக்ரோவோல்ட் தரும் தகடு என்று கொள்வோம். பெட்டியில் 6,000 மைக்ரோவோல்ட் பதிவானால், 100 வாட் கீழே இறங்குகிறது என்று பொருள். ஆனால் தகடு இருப்பதோ 8 செ.மீ. ஆழத்தில். அதற்கு மேலுள்ள மண் தானும் சூடேறி ஒரு பகுதி வெப்பத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. அதைக் கணக்கிட 2 செ.மீ., 6 செ.மீ. ஆழங்களில் வெப்பமானிகளும், அருகில் ஓர் ஈரமானியும் வேண்டும். ஓரளவு ஈரமுள்ள அந்த மேல்மண் ஒரு மணி நேரத்தில் 1.5 டிகிரி சூடேறினால், அது பிடித்துக்கொண்ட வெப்பம் சுமார் 67 வாட் ஆகும். ஆக மொத்தம் 167 வாட். மேல்மண்ணின் கணக்கை விட்டுவிட்டால் ஐந்தில் இரண்டு பங்கை இழந்துவிடுவோம்.

இந்த 167 வாட் எத்தகையது? ஒரு மணி நேரம் இப்படி இறங்கினால், ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 1,000 லிட்டர் தண்ணீரை ஆவியாக்குவதற்குரிய வெப்பம் மண்ணுக்குள் சென்றுவிட்டது என்று அறியலாம்.

நாங்கள் செய்த பிழை

சென்ற ஆண்டு மாசி மாதத்தில் கத்தரி நாற்று நட்ட இரு பாத்திகளில் தகடுகளைப் பதித்தோம். ஒன்றில் சோளத்தட்டை பரப்பியிருந்தது. மற்றது வெறும் பாத்தி. அவசரத்தில் வெறும் பாத்தியில் அகலமாகக் குழி தோண்டி, தகட்டை அடியில் வைத்து, கட்டி மண்ணை அள்ளிப் போட்டு மூடிவிட்டோம். இரு வாரங்களுக்குப் பின் இரு பாத்திகளின் அளவும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன. ‘மூடாக்கினால் பெரிய பயனில்லை’ என்று ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதியும் வைத்தோம்.

தட்டை என்பது மாட்டின் உணவு. அதை வயலில் பரப்புவதா, மாட்டுக்கு வைப்பதா, விற்பதா என்பது ஒரு குடும்பத்துக்குச் சிறிய கேள்வியன்று. எங்கள் பலகையைப் பார்த்துச் சிலர் தட்டையை விற்றுவிட்டார்கள்.

அந்தப் பாத்தியில் களையெடுத்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர்தாம் எங்களைத் திருத்தினார். “ஐயா, அந்தப் பாத்தியில் கால் வைக்க முடிகிறது, இந்தப் பாத்தியில் முடியவில்லை. உங்கள் கருவிக்குக் கால் இல்லை போலிருக்கிறது” என்றார். உடனே தோண்டிப் பார்த்தோம். கரிசல் காய்ந்து வெடித்து, தகட்டின் அடியில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது. காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகையால் வெப்பம் தகட்டைச் சுற்றிச் சென்றுவிட்டது. கருவி பொய் சொல்லவில்லை; நாங்கள் பதித்த முறைதான் பொய்யாயிற்று. பலகையில் எழுதியதை அழித்து, தவறு எங்களுடையது என்று அதே இடத்தில் எழுதினோம். அதற்குள் தட்டையை விற்றவர்களின் நாற்றுகள் வாடிவிட்டன. அந்த நஷ்டத்தை எங்களால் ஈடுசெய்ய இயலவில்லை.

பதிக்கும் முறை

இனி இவ்வாறு செய்கிறோம். மர நிழலோ வரப்போ இல்லாத, வயலின் பொதுத் தன்மையைக் காட்டும் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறோம். அதன் பக்கத்தில் சிறு குழி எடுத்து, மேல்மண்ணையும் அடிமண்ணையும் தனித்தனியே சாக்கில் வைக்கிறோம். குழியின் செங்குத்தான சுவரில் 8 செ.மீ. ஆழத்தில் கத்தியால் மட்டமாகக் கீறி, அந்தக் கீறலுக்குள் தகட்டை இறுக்கமாகச் செருகுகிறோம். தகட்டின் மேலிருக்கும் மண்ணைக் கலைப்பதில்லை. அடையாளமிட்ட பக்கம் மேலே இருக்க வேண்டும். கம்பியை அதே ஆழத்தில் சிறிது தூரம் கொண்டுசென்ற பிறகே மேலே எடுக்கிறோம். இல்லாவிடில் கம்பி வழியே மழைநீரும் வெப்பமும் இறங்கிவிடும். எலி கடிக்காதிருக்கக் கம்பியைக் குழாயினுள் விடுகிறோம். பிறகு அடிமண்ணை அடியிலும் மேல்மண்ணை மேலேயும் இட்டு, கையால் அழுத்தி, தண்ணீர் தெளிக்கிறோம்.

வயலுக்கு ஒரு தகடு போதாது. குறைந்தது இரண்டு வேண்டும். பார் பிடித்த வயலானால் பாரில் ஒன்று, சாலில் ஒன்று. பகலில் அளவு கூட்டலாகவும் இரவில் கழித்தலாகவும் வருகிறதா என்று முதல் நாளே பார்க்க வேண்டும். மாறி வந்தால் தகடு தலைகீழாக இருக்கிறது அல்லது கம்பி மாறியிருக்கிறது. கரிசலில் ஒவ்வொரு வெடிப்புக் காலத்திலும் தோண்டிச் சரிபார்க்க வேண்டும். உழவுக்கு முன் எடுத்துவிட வேண்டும். இரண்டாண்டுக்கொருமுறை தகட்டின் அளவைச் சோதிப்பது நல்லது.

ஊராட்சிகளின் கடமை

உறுப்பினர்களே! பாத்தியில் மாடு மேயாமலும், பிள்ளைகள் கம்பியை இழுக்காமலும் காப்பது உங்கள் கையில் இருக்கிறது. வாரந்தோறும் அளவுகளைப் பலகையில் எழுதுங்கள். எழுதும் முன் அந்தப் பாத்தியில் உழைப்பவர்களை ஒரு வார்த்தை கேளுங்கள். கருவியின் அளவும் அவர்கள் சொல்வதும் ஒத்திருந்தால் எழுதுங்கள். ஒவ்வாவிடில் முதலில் மண்ணைத் தோண்டிப் பாருங்கள். அதன் பிறகே தட்டையை என்ன செய்வது என்று விவசாயிக்குச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு.