தானியங்கிக் கியர்ப்பெட்டி தளரும்போது



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் பழைய காரைப் பற்றியது. அதிலும், கிளட்ச் மிதி இல்லாமல் தானாகவே கியர் மாறும் காரைப் பற்றியது. தோட்டப்புறங்களிலும் சிறு பட்டணங்களிலும் வாழும் நம்மில் பலர் புதுக் கார் வாங்கும் வசதி படைத்தவர்கள் அல்லர். பதினைந்து, இருபது ஆண்டுகள் பிறர் கையில் ஓடிய காரைத்தான் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்குகிறோம். பேருந்து எட்டிப் பார்க்காத தோட்டத்தில் அந்தக் கார்தான் நம்மைக் கிளினிக்குக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் கொண்டு சேர்க்கிறது. என்ஜின் கெட்டால் நமக்கு ஓரளவு தெரிந்துவிடுகிறது. கியர்ப்பெட்டி கெடத் தொடங்கினாலோ, அது என்ன சொல்கிறது என்று புரிவதில்லை. அந்த மொழியைச் சற்றுக் கற்றுக்கொள்வதே இந்த உரையின் நோக்கம்.

முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றை மட்டும் முடுக்குங்கள். அதன் காற்றுப் பட்டு மற்றொன்றும் மெல்லச் சுழலும். தானியங்கிக் காரில் என்ஜினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் இடையே நடப்பது ஏறத்தாழ இதுதான். அங்கே காற்றுக்குப் பதிலாக எண்ணெய். விசிறிகளுக்குப் பதிலாக ஒரே கூட்டுக்குள் அடைபட்ட இறக்கைச் சக்கரங்கள். இந்த உறுப்புக்கு டார்க் கன்வெர்ட்டர் என்று பெயர். சிவப்பு விளக்கில் காரை நிறுத்தினாலும் என்ஜின் அணைந்துவிடாமல் ஓடிக்கொண்டிருப்பது இதனால்தான்.

அதற்குப் பின்னால் கியர்கள் உள்ளன. நடுவே ஒரு பற்சக்கரம். அதைச் சுற்றிக் கோள்களைப் போலச் சில சிறு பற்சக்கரங்கள். எல்லாவற்றையும் வளைத்துக்கொண்டு வெளியே ஒரு வளையம். இவற்றுள் எதைப் பிடித்து நிறுத்துகிறோம், எதைச் சுழல விடுகிறோம் என்பதைப் பொறுத்தே காரின் இழுப்பும் வேகமும் மாறுகின்றன. பிடிப்பதும் விடுவதும் மெல்லிய கிளட்ச் தட்டுகளின் வேலை. அந்தத் தட்டுகளை அழுத்துகின்ற கை எது? அதுவும் எண்ணெய்தான். என்ஜின் ஓடும்போது ஒரு பம்பு அந்த எண்ணெயை அழுத்தத்துடன் அனுப்பிக்கொண்டே இருக்கிறது.

ஆகவே நேயர்களே, இந்தப் பெட்டியில் எண்ணெய் என்பது உராய்வைக் குறைக்க ஊற்றும் பொருள் மட்டும் அன்று. அது விசையைக் கடத்துகிறது, தட்டுகளை அழுத்துகிறது, உள்ளே பிறக்கும் சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டுபோய் இறக்குகிறது. வழுக்க வேண்டிய இடத்தில் வழுக்கவும், பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்கவும் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் ஹைட்ராமாட்டிக் என்னும் தானியங்கிப் பெட்டியைப் பொருத்தி விற்றது. பின்னர் இத்தகைய பெட்டிகளின் எண்ணெயில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைக் கூடக் கலந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடை செய்தபோது, அந்தக் குணம் பொருந்திய மாற்றுப் பொருளைத் தேடி எண்ணெய்க் கம்பெனிகள் திண்டாடின. எண்ணெயும் இந்த இயந்திரத்தின் ஓர் உறுப்பே என்பதற்கு இது நல்ல சான்று.

இனி, எங்கள் அனுபவம் ஒன்றைச் சொல்கிறோம். எங்களிடம் இருபது வயதைத் தாண்டிய தானியங்கிக் கார் ஒன்று இருந்தது. 2016ஆம் ஆண்டின் இறுதியில், காலையில் காரைப் பின்னால் எடுக்கக் கியர் போட்டால் அது உடனே அசையாது. மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவோம். பிறகு 'டொக்' என்ற ஓர் அதிர்வுடன் நகரும். "அதற்கும் வயதாகிவிட்டது, நமக்கும்தான் காலையில் முட்டி பிடிக்கிறது" என்று வீட்டில் சிரித்துக்கொண்டோம். சில வாரங்களில் மூன்று எண்ணியது ஐந்தாயிற்று. அப்போதும் சிரித்தோம்.

2017 மார்ச் பள்ளி விடுமுறையில், வயதான தாயாரையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் புறப்பட்டோம். தானா ராத்தா வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறும் சாலை அது. பாதி வழியில் ஒரு கூரிய வளைவில் என்ஜின் உறுமியது; கார் ஏறவில்லை. மேலும் மிதித்தோம். உறுமல்தான் கூடியது. கார் மெல்லப் பின்னோக்கி நழுவியது. பின்னால் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. மிதிபிரேக்கோடு கைபிரேக்கையும் இழுத்து நிறுத்தினோம். லாரிக்காரர் விழிப்பாக இருந்ததால் இன்று இதைச் சொல்ல முடிகிறது.

பட்டறையில் போர்மன் காரைப் பார்த்தார். எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவி, வெள்ளைத் தாளில் துடைத்து, எங்கள் முகத்தருகே நீட்டினார். "மோந்து பாருங்க சார். கஞ்சி அடிப்பிடிச்ச வாடை வருதா? உள்ளே தட்டெல்லாம் கருகிப்போச்சு" என்றார். பிறகு காரின் முன்பக்கம் குனிந்து ஒரு ரப்பர் குழாயைக் காட்டினார். ரேடியேட்டருக்கு எண்ணெய் கொண்டுசெல்லும் குழாய் அது. வெடிப்பு விட்டு, சொட்டுச் சொட்டாகப் பல மாதங்கள் கசிந்திருந்தது. எண்ணெய் குறைந்ததால் அழுத்தம் குறைந்தது, அழுத்தம் குறைந்ததால் தட்டுகள் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கின, வழுக்கியதால் கருகின. சில வெள்ளி பெறுமான குழாய்க்காக 3,200 வெள்ளி வேலை வந்து நின்றது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன? கியர்ப்பெட்டி திடீரென்று சாவது அரிது. முன்கூட்டியே பலமுறை சொல்லிவிட்டுத்தான் சாகிறது. கியர் போட்டபின் தாமதித்து நகர்வது ஓர் அடையாளம். என்ஜின் சத்தம் கூடியும் வேகம் கூடாமல் இருப்பது இன்னோர் அடையாளம். கியர் மாறும்போது இடிப்பது, சூடேறிய பின் மட்டும் தடுமாறுவது, நிறுத்திய இடத்தில் சிவப்பு எண்ணெய்க் கறை தெரிவது ஆகியவையும் அவ்வாறே. இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் அந்த வாரமே எண்ணெயைப் பாருங்கள்.

பார்க்கும் முறை இது. கால் மணி நேரம் ஓட்டிச் சூடேறிய காரைச் சமதரையில் நிறுத்துங்கள். கைபிரேக்கை இழுத்து, பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, என்ஜின் ஓடும்போதே கியர்க் கோலை ஒவ்வொரு நிலைக்கும் மெதுவாகக் கொண்டுபோய்த் திரும்பவும் 'பி' நிலைக்கு வாருங்கள். பிறகு கம்பியை உருவித் துடைத்து, மீண்டும் செருகி எடுத்துப் பாருங்கள். சூடான எண்ணெய்க்குரிய இரண்டு கோடுகளுக்கு இடையே மட்டம் இருக்க வேண்டும். சில கார்களில் 'என்' நிலையில் பார்க்க வேண்டும். சிலவற்றில் என்ஜினை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். காரின் கையேட்டில் உள்ளபடி செய்யுங்கள். கம்பியே இல்லாத கார்களும் உண்டு. அவற்றைப் பட்டறையில் தூக்கித்தான் பார்க்க முடியும்.

நிறமும் மணமும் முக்கியம். தெளிந்த சிவப்பு நலத்தின் அறிகுறி. பழுப்பானால் மாற்றும் காலம் வந்துவிட்டது. கறுத்து, கருகிய வாடை வீசினால் தட்டுகள் தேய்ந்துவிட்டன என்று கொள்ளலாம். பண்டோங் தண்ணீர் போல இளஞ்சிவப்பாகக் கலங்கியிருந்தால், ரேடியேட்டருக்குள் இருக்கும் எண்ணெய்க் குளிர்விப்பான் ஓட்டையாகித் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். அந்தக் காரை அதற்குமேல் ஒரு கிலோமீட்டர் கூட ஓட்டக்கூடாது.

எண்ணெய் குறைந்திருந்தால், கையேட்டில் எழுதியுள்ள வகையையே ஊற்றுங்கள். சிவப்பாக இருப்பதெல்லாம் ஒரே எண்ணெய் அன்று. பெல்ட்டால் இயங்கும் சி.வி.டி. பெட்டிக்குரிய எண்ணெய் முற்றிலும் வேறு. கோட்டுக்கு மேலே ஊற்றுவதும் தீங்கே. எண்ணெய் நுரைத்து அழுத்தம் கெடும். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். அடித்திருகைக் கழற்றி வடித்தால் ஒரு பகுதிதான் வெளியேறும். மீதி டார்க் கன்வெர்ட்டருக்குள் தங்கிவிடும். ஆகையால் சில வார இடைவெளியில் இரண்டு மூன்று முறை மாற்றுவது நல்லது. ஆனால் தேய்ந்துபோன தட்டைப் புது எண்ணெய் வளர்த்துவிடாது.

கார் தடுமாறியவுடன் பெட்டியை இறக்கச் சம்மதித்துவிடாதீர்கள். வடிகட்டி அடைத்திருக்கலாம். எண்ணெயின் வழியைத் திறந்து மூடும் மின்வால்வு பழுதாகியிருக்கலாம். பழைய கார்களில் மிதியிலிருந்து கியர்ப்பெட்டிக்குப் போகும் கம்பிவடம் தளர்ந்திருக்கலாம். என்ஜினைத் தாங்கும் ரப்பர் கட்டைகள் கிழிந்திருந்தாலும் இடி கேட்கும். பல ஜப்பானியக் கார்களில் ஓவர்டிரைவ் விளக்கு விட்டு விட்டு எரிந்தால், பழுதின் குறிப்பு காரின் கணினியில் பதிந்திருக்கிறது என்று பொருள். அதைப் படித்துவிட்டு முடிவு செய்யும்படி போர்மனிடம் கேளுங்கள். நல்ல போர்மன் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

உண்மையாகவே தட்டுகள் கருகிவிட்டால் மூன்று வழிகள் உண்டு. பெட்டியைப் பிரித்துத் தட்டுகளையும் ரப்பர் வளையங்களையும் புதிதாகப் போடுவது ஒன்று. பழைய பாகம் விற்கும் கெடாய் பொத்தோங்கில் அதே குறியெண் கொண்ட பெட்டியை வாங்கிப் பொருத்துவது மற்றொன்று; விலை குறைவு, ஆனால் அதன் பழைய கதை நமக்குத் தெரியாது. ஆகவே எத்தனை நாள் உத்தரவாதம் என்பதை எழுதி வாங்குங்கள். எதைச் செய்தாலும் குளிர்விப்பானையும் குழாய்களையும் கழுவச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பழைய கரித்தூள் புதுப் பெட்டிக்குள் போய்ச் சேரும். மூன்றாவது வழி, செலவு செய்யாமல் காரைக் கழித்துவிடுவது. காரின் இன்றைய விலை, செலவு, மற்ற உறுப்புகளின் நிலை ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் விடை தானே தெரியும்.

கார் வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது? தோட்டத்தில் ஆள் சேர்த்துத் தள்ளி முடுக்குவது நமக்குப் பழக்கம். தானியங்கிக் காரில் அது பலிக்காது. என்ஜின் ஓடினால்தானே பம்பு ஓடும்! அதே காரணத்தால், கயிறு கட்டித் தொலைதூரம் இழுத்துச் செல்லவும் கூடாது. எண்ணெய் ஓட்டமின்றி உள்ளுறுப்புகள் தேயும். முன்சக்கரம் இழுக்கும் காரானால் முன்சக்கரங்களைத் தூக்கி இழுக்க வேண்டும். லாரியில் ஏற்றுவது அதனினும் நல்லது.

இனி ஒரு செய்தி மட்டும் மீதி இருக்கிறது. எங்கள் கார் பழுதாகி நின்ற அந்த வாரத்தில், எங்கள் பள்ளி மாணவி ஒருத்தியின் தந்தை வந்தார். செம்பனைக் குலை வெட்டுபவர். "சார், காடியைக் கொடுக்கப் போறதா கேள்விப்பட்டேன். சின்னவளை வாரத்துக்கு ரெண்டு தடவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். 3,000 வெள்ளி வரைக்கும் புரட்டிடுவேன்" என்றார். அதற்கு முதல்நாள்தான் தெரிந்தவர் ஒருவர் எங்களுக்கு ஒரு யோசனை சொல்லியிருந்தார். எண்ணெயைக் கெட்டியாக்கும் மருந்து ஒரு புட்டி ஊற்றினால் கார் இரண்டு வாரம் ஒழுங்காக ஓடுமாம், அதற்குள் விற்றுவிடலாமாம். ஓர் இரவு முழுவதும் அதைப் பற்றி எண்ணினோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்தக் குழந்தையோடு அவர் இரவில் செம்மண் சாலையில் நிற்கும் காட்சி கண்முன் வந்தது. "அண்ணே, இதன் கியர்ப்பெட்டி போய்விட்டது. வேண்டாம்" என்று சொல்லி, அந்தக் கம்பியை உருவி அவரிடம் கொடுத்தோம். அவரும் முகர்ந்து பார்த்தார். மருத்துவமனை நாட்களில் சக ஆசிரியர்கள் முறை வைத்துக்கொண்டு அவர்களை அழைத்துச் சென்றோம்.

நாங்கள் ஒரு பழைய பெட்டியை வாங்கிப் பொருத்தி, மேலும் நான்கு ஆண்டுகள் அந்தக் காரை ஓட்டினோம். அவர் சில மாதங்கள் கழித்து வேறொரு காரைப் பார்க்கப் போனபோது எங்களையும் உடன் அழைத்தார். விற்பவர் காரின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நண்பர் மறுத்துப் பேசவில்லை. "ஒரு இருபது நிமிஷம் ஓட்டிட்டு வந்திடுவோமா?" என்று கேட்டார். மேட்டுச் சாலையில் ஏற்றி இறக்கி, சூடான காரைச் சமதரையில் நிறுத்தினார். பிறகு தாமே கம்பியை உருவி, வெள்ளைத் தாளில் துடைத்து, முகர்ந்து பார்த்தார். அதன் பிறகுதான் விலை பேசினார்.

நேயர்களே, உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் காரிலும் அந்தக் கம்பி இருக்கலாம். இந்த வாரம் ஒருமுறை உருவிப் பாருங்கள்.