நூற்றுக்கு எத்தனை மரணம்?

 

புற்றுநோய் மரணங்களின் மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிட்டால், ஜனத்தொகை பெரிய நம் நாடுதான் தெற்காசிய அண்டை நாடுகளுக்கு முன்னே நிற்கும். நூறு புதிய நோயாளிகளுக்கு அதே ஆண்டில் எத்தனை மரணம் என்று பாருங்கள். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2020ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி வங்கதேசத்தில் சுமார் 70, பாகிஸ்தானில் 66, இந்தியாவில் 64, இலங்கையில் 56. நோயின் வகையாலும் இது மாறும். ஆனால் தாமதமாக மருத்துவரிடம் போவது ஒரு முக்கியக் காரணம்.

நமக்கு வரும் உதவி மனுக்களிலும் பெரும்பாலும் முற்றிய நோய்தான். ஆறாத வாய்ப்புண்ணோ, மார்பகத்தில் வலியில்லாத கட்டியோ இருந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே காட்டுங்கள். பரிசோதனைக்குப் பணமில்லையென்றால் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியம் தருவானாக. ஆமீன்.