நுண்பிளாஸ்டிக்: அச்சமும் அளவும்



செம்பவாங் பூங்காவின் கரையில் நின்றால் எதிரே ஜொகூர்க் கரை தெரியும். பழைய படகுத்துறையில் தூண்டில் போடுவோரும் நண்டு பிடிப்போரும் இருப்பார்கள். அலை கொண்டுவந்து ஒதுக்கும் போத்தல் மூடியும் நைலான் கயிறும் நம் கண்ணுக்குத் தெரிகின்றன. எடுத்துக் குப்பையில் போட்டுவிடலாம். நான் இன்று பேச வந்தது கண்ணுக்கு எளிதில் தெரியாதவற்றைப் பற்றி.

பிளாஸ்டிக் இலை தழை போல் மக்குவதில்லை. வெயிலிலும் அலையிலும் உடைந்து உடைந்து பொடியாகிறது. ஐந்து மில்லிமீட்டருக்கும் சிறிய துணுக்குகளை நுண்பிளாஸ்டிக் என்கிறோம். 2004ஆம் ஆண்டில் பிரிட்டனைச் சேர்ந்த ரிச்சர்ட் தாம்சன் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகே இப்பெயர் பரவியது. 2006இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்குள்ள ஏழு கடற்கரைகளின் மணலைச் சோதித்து, நான்கில் நுண்பிளாஸ்டிக்கைக் கண்டனர். 2014இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு சதுப்புநிலக் காடுகளைப் பற்றியது. ஏழு இடங்களின் சேற்றிலும் அது இருந்தது. மிகுதியாக இருந்தது லிம் சூ காங்கில். கிலோவுக்குச் சராசரியாக 37 துணுக்குகள். செம்பவாங்கைத் தொட்டுச் செல்லும் அதே நீரிணைதான் அது.

செம்பவாங்கில் வசிக்கும் ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: "மீன் வாங்கவே பயமாக இருக்கிறது ஐயா. வாரத்துக்கு ஒரு வங்கி அட்டை அளவு பிளாஸ்டிக் தின்கிறோமாமே?"

இந்த வங்கி அட்டைக் கதை 2019இல் பிறந்தது. இயற்கைக்கான உலகளாவிய நிதியத்துக்காக ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் போட்ட கணக்கு, ஒருவர் வாரத்துக்கு 5 கிராம் வரை உட்கொள்ளக்கூடும் என்றது. துணுக்குகளின் எண்ணிக்கையை எடையாக மாற்றுவதில்தான் சிக்கல். ஒருவன் நூறு பழம் தின்றான் என்றால், நெல்லிக்கனியா பலாப்பழமா என்று நாம் கேட்க மாட்டோமா? பத்து மடங்கு அகலமான துணுக்கு ஆயிரம் மடங்கு எடை உள்ளது. சராசரி எடையைச் சற்றே மிகையாக வைத்தாலும் கணக்கு எங்கோ போய்விடும்.

சதுப்புநில ஆய்வை எழுதிய நூர் ஹசிமா முகமது நோர் என்பவரே, பின்னர் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் சக ஆய்வாளர்களுடன் இக்கணக்கை மறுபடி போட்டார். மீன், நண்டு இனம், மட்டி, குழாய் நீர், போத்தல் நீர், உப்பு, பால், பீர், சுவாசிக்கும் காற்று ஆகிய ஒன்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். 2021இல் வந்த விடை: பெரியவர் ஒருவருக்கு நடுத்தர அளவாக நாளொன்றுக்கு 883 துணுக்குகள்; எடை 583 நானோகிராம். ஒரு வாரத்துக்குக் கூட்டினாலும் பொடியுப்பின் ஒரு மணிக்குக் குறைவு! முந்தைய கணக்கு இதைவிடப் பத்து லட்சம் மடங்குக்கும் அதிகம். வங்கி அட்டையோ இன்னும் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் கவலையே வேண்டாமா? அப்படியும் சொல்வதற்கில்லை. 2022இல் நெதர்லாந்தில் 22 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில் 17 பேரிடம் பிளாஸ்டிக் இருந்தது. 2024இல் இத்தாலிய மருத்துவர்கள் 257 நோயாளிகளின் கழுத்துத் தமனியிலிருந்து எடுத்த கொழுப்புப் படிவை ஆராய்ந்தனர். 150 பேரின் படிவில் பிளாஸ்டிக். அவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவற்றின் அபாயம் மற்றவர்களைவிட நான்கரை மடங்கு இருந்தது. பிளாஸ்டிக்தான் காரணம் என்று இது நிரூபிக்கவில்லை என அம்மருத்துவர்களே எழுதினர். எனினும் அலட்சியப்படுத்தக்கூடிய செய்தியன்று. 2025இல் மூளையில் கரண்டியளவு பிளாஸ்டிக் என்று வந்த செய்தியை நான் அவ்வளவாக நம்பவில்லை. அந்தச் சோதனையில் மூளையின் கொழுப்பே பிளாஸ்டிக் போலத் தோற்றம் காட்டக்கூடும் என்று பிற அறிஞர்கள் ஆட்சேபித்துள்ளனர்.

மீனுக்கு வருவோம். மீன் விழுங்கிய துணுக்குகள் பெரும்பாலும் அதன் குடலில் தங்குகின்றன. குடலை நாம் நீக்கிவிடுகிறோம். மட்டியையோ குடலோடு உண்கிறோம். 150 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்டவை, அதாவது தலைமயிரின் பருமனைவிடப் பெரியவை, உடலில் கலவாமல் பெரும்பாலும் கழிந்துபோகும் என 2019இல் உலகச் சுகாதார நிறுவனம் கூறியது. ஆகவே அந்த அம்மா தாராளமாக மீன் வாங்கலாம்.

நான் கவலைப்படுவது சூட்டைப் பற்றி. கொதிக்கக் கொதிக்கக் கோப்பியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்குகிறோமே, அதைப் பற்றி! 2020இல் டப்ளின் ஆய்வாளர்கள் பாலிபுரோப்பிலீன் பால்புட்டிகளைச் சோதித்தார்கள். 25 பாகை நீரில் லிட்டருக்கு 6 லட்சம் துணுக்குகள். 95 பாகை நீரில் 5.5 கோடி. கைக்குழந்தை உள்ள தாய்மார்கள் ஒன்று செய்யலாம். நீரை எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்க வையுங்கள். 70 பாகைக்குக் குறையாத சூட்டில், கண்ணாடிப் பாத்திரத்திலேயே பால்மாவைக் கரையுங்கள். நன்கு ஆறிய பிறகு புட்டியில் ஊற்றுங்கள். புட்டியை மைக்ரோவேவ் அடுப்பில் வைக்க வேண்டாம்.