மனத்தைக் கற்க வரும் மாணவர்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் மனநல மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழம் நூல்கள் சேயூர் என்று சுட்டும் இந்த மண்ணுக்குத் தமிழ் புதிதன்று. சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூரைச் சேர்ந்தவர். கண்ணொளி இல்லாத அந்தகக்கவி வீரராகவ முதலியார் இவ்வூர் மீது சேயூர்க் கலம்பகம் பாடினார். புறக்கண் இல்லாதவர் அகக்கண் கொண்டு பாடிய ஊரில், அகத்துக்கு வரும் நோயைப் பற்றியும், அந்த நோயைத் தீர்க்கக் கற்க வரும் மாணவரைப் பற்றியும் பேச எனக்கு வாய்ப்புக் கிடைத்திருப்பது என் பேறு.

மருத்துவ மேற்படிப்புக்கும் கவிஞர் அவைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணலாம். மற்ற மருத்துவருக்குக் கண்ணாடிக் குடுவையும் கதிர்ப்படமும் துணை நிற்கின்றன. மனநல மருத்துவருக்குப் பெரும்பாலும் எதிரில் இருப்பவரின் சொல் ஒன்றே சான்று. சொல்லைக் கேட்டு, சொல்லாமல் விட்டதையும் உணர்ந்து, சொல்லாலேயே ஆற்றுகிற தொழில் அது. மருந்தும் உண்டு, அதன் பயனும் பெரிது. ஆனால் எந்த மருந்து யாருக்கு என்பதைச் சொல்லைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறோம். ஆகவே சொல்லைத் தொழிலாகக் கொண்ட உங்களிடம் இதைப் பேசுவது முறையே.

முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். எம்.பி.பி.எஸ். படிப்பு நான்கரை ஆண்டு, அதன்பின் பயிற்சி மருத்துவராக ஓராண்டு. பிறகு மேற்படிப்புக்கான நீட் தேர்வு. கணினியின் முன் அமர்ந்து மூன்றரை மணி நேரத்தில் 200 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழியும். அரசுக் கல்லூரி இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்கும் மறுபாதி மாநில ஒதுக்கீட்டுக்கும் உரியவை. கலந்தாய்வில் மாணவர் தாம் விரும்பும் கல்லூரிகளையும் துறைகளையும் வரிசைப்படுத்திக் கொடுப்பார். தரவரிசை எதற்கு எட்டுகிறதோ அது கிடைக்கும். மனநல மருத்துவம் கிடைத்தால் மூன்றாண்டு எம்.டி. படிப்பு, ஓர் ஆய்வேடு, நோயாளிகளோடு இடையறாத பணி.

இந்தப் பாதை முழுவதிலும் ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. 'தம்பி, நீ ஏன் இந்தத் துறைக்கு வருகிறாய்?' என்பதே அது.

அமெரிக்காவில் முறை வேறு. அங்கே மனநல மருத்துவப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் மாணவர், தாம் ஏன் இத்துறையை நாடுகிறார் என்பதை ஏறக்குறைய ஒரு பக்க அளவில் எழுதித் தர வேண்டும். ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும். மருத்துவமனைகள் அழைத்து நேர்முகம் காணும். முடிவில் மாணவரின் விருப்பப் பட்டியலும் மருத்துவமனைகளின் பட்டியலும் ஒப்பிடப்பட்டு, மார்ச்சு மாதத்தில் முடிவு வெளியாகும். அந்த முறையிலும் குறை உண்டு. பழகிய முகத்துக்கும் நாவன்மைக்கும் அங்கே இடமுண்டு. நம் முறையில், யாரையும் அறியாத உப்பளத் தொழிலாளியின் மகளும் மதிப்பெண் ஒன்றாலேயே இடம் பெறலாம். அந்த நேர்மையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் நேர்மைக்காகக் கேள்வியையே கைவிட்டுவிட்டோம் என்பதும் உண்மை. கேட்பார் இல்லாததால் மாணவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வதில்லை.

அவரைச் சூழ்ந்துள்ளவர்கள் மட்டும் வேறு கேள்விகளைக் கேட்கிறார்கள். நான் இத்துறையை எடுத்த நாளில் உறவினர் ஒருவர், "இத்தனை ஆண்டு படித்தது பைத்தியத்தோடு பேசவா?" என்றார். பெண் கொடுப்பார்களா, தனி மருத்துவமனை வைக்க முடியுமா, கூடவே இருந்தால் நமக்கும் வந்துவிடாதா என்றெல்லாம் கேட்டவர்கள் உண்டு. இவை எல்லாம் நோயாளியைப் பற்றிய அச்சம். அது மருத்துவர் மீதும் சற்றே தெறிக்கிறது. நம் மேல் தெறித்த துளியே இவ்வளவு சுடுமானால், அந்த நோயோடு வாழ்பவர் நாள்தோறும் எவ்வளவு சுமப்பார் என்பதை மாணவர் முதலில் அங்கேதான் கற்கிறார்.

கல்வியும் இத்துறையைப் பல்லாண்டு ஓரத்திலேயே வைத்திருந்தது. எம்.பி.பி.எஸ். படிப்பில் மனநலத்துக்கெனத் தனித் தேர்வுத்தாள் கிடையாது. பொது மருத்துவத்தின் ஒரு பகுதியாகவே அது அடங்கிவிடுகிறது. 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி பயிற்சி மருத்துவர் இரண்டு வாரம் மனநலப் பிரிவில் கட்டாயம் பணிபுரிய வேண்டும். இரண்டு வாரம் சிறிதுதான். எனினும் பலருக்கு அதுவே வாசலாக அமைகிறது.

இனி வரலாற்றைச் சிறிது பார்ப்போம். சென்னையில் மனநோயாளிகளுக்கான முதல் காப்பகம் 1794-இல் ஏற்பட்டது. 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் இப்போதுள்ள இடத்துக்கு மருத்துவமனை வந்தது. மதில் உயர்ந்த அந்த வளாகம் நெடுங்காலம் ஊராரின் கேலிப் பேச்சில் ஒரு சொல்லாகவே இருந்தது. அங்கே 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராக இருந்தவர் டாக்டர் சாரதா மேனன். 1923-இல் மங்களூரில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, பெங்களூரில் மனநல மருத்துவம் கற்று, இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்பட்டவர். ஓய்வுக்குப் பின்னும் ஓயாமல் 1984-இல் மனச்சிதைவு நோயாளிகளுக்கென ஸ்கார்ஃப் அமைப்பைத் தோற்றுவித்தார். 1992-இல் பத்மபூஷண் விருது பெற்றார். 2021-இல் மறைந்தார். பெண்கள் மருத்துவம் படிப்பதே அரிதாயிருந்த காலத்தில், பிறர் ஒதுக்கிய துறையைத் தாமே நாடிச் சென்றவர் அவர். 'ஏன்' என்ற கேள்விக்கு அவருடைய வாழ்க்கையே விடை.

அந்தக் கேள்விக்கு இன்னொரு விடையும் உண்டு. அது துயரமானது. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த கொட்டகை ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின. குடும்பங்கள் கொடியவை என்பதால் அவர்களை அங்கே கொண்டுவிடவில்லை. வேறு போக்கிடம் தெரியாததால் விட்டார்கள். கோயிலுக்கும் தர்காவுக்கும் செல்லும் மக்களை ஏளனம் செய்வது மருத்துவம் ஆகாது. அவர்கள் தேடுவது ஆறுதலை. அந்த ஆறுதலுக்குப் பக்கத்திலேயே மருந்தும் கிடைக்கச் செய்வதுதான் நம் கடமை.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தெளிவாகத் தடை செய்தது. சிகிச்சை பெறுவதைக் குடிமக்களின் உரிமையாக்கியது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல், கடும் மன உளைச்சலுக்கு ஆளானவராகக் கருத வேண்டும் என்றது. சட்டம் நல்லது. ஆனால் உரிமையை நிறைவேற்ற ஆள் வேண்டுமே. 2015-16-இல் நிம்ஹான்ஸ் நிறுவனம் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டோடு வாழ்வதாகக் கண்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை. இலட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட நம் நாட்டில் இல்லை. இருப்பவர்களிலும் பலர் நகரங்களில் இருக்கிறார்கள். ஓர் இளைஞர் இத்துறைக்கு விண்ணப்பிப்பது அவர் ஒருவருடைய பிழைப்பைப் பற்றிய செய்தி மட்டுமன்று என்பதை இந்தக் கணக்கு சொல்லும்.

இப்போது மொழிக்கு வருகிறேன். தேர்வு ஆங்கிலத்தில், பாடநூல் ஆங்கிலத்தில். ஆனால் இந்தக் கடற்கரைக் கிராமத்துத் தாய் வந்து சொல்வது, "நெஞ்சை அடைக்குது ஐயா", "தலையெல்லாம் கனமா இருக்கு", "மனசு விட்டுப் போச்சு" என்றுதான். இவற்றில் எது உடல் நோய், எது துக்கம், எது மனச்சோர்வு என்று பிரித்தறியும் பயிற்சியை எந்த நூலும் முழுமையாகத் தராது. 'மனம் விட்டுப் போதல்' என்பதற்கும் 'மனம் விட்டுப் பேசுதல்' என்பதற்கும் இடையில் உள்ள தொலைவைத் தமிழ் கேட்டு வளர்ந்த செவியே அறியும். மதிப்பெண் அளக்காத தகுதி அது. அதனால்தான் கிராமத்திலிருந்து வரும் மாணவர் இத்துறைக்கு வேண்டும் என்கிறேன். அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அவ்வழியே நுழைந்த முதல் அணியினர் மேற்படிப்பை எண்ணிப் பார்க்கும் காலம் இது. அவர்களில் சிலராவது இப்பக்கம் திரும்ப வேண்டும்.

மொழியின் ஆற்றலுக்கு அயல்நாட்டுச் சான்று ஒன்று கூறுவேன். ஜப்பானில் ஸ்கிசோஃப்ரினியா நோய்க்கு 'மனம் பிளந்த நோய்' என்னும் பொருள்படும் பெயர் வழங்கிவந்தது. அப்பெயரைச் சொல்ல மருத்துவர்களே தயங்கினர். நோயாளிகளின் குடும்பத்தார் முறையிட்டதன் பேரில், 2002-இல் 'ஒருங்கிணைப்புக் குலைவு' என்ற பொருளில் புதுப்பெயர் சூட்டினார்கள். பின்னர் தென்கொரியாவில், இசைக்கருவியின் நரம்பைச் சுருதி கூட்டுவதை நினைவூட்டும் பெயரைத் தேர்ந்தார்கள். சுருதி கலைந்த யாழை மீண்டும் கூட்டலாம் அல்லவா! நாம் இன்னும் 'மனச்சிதைவு' என்கிறோம். சிதைந்தது மீளுமா என்று தாய் அஞ்சுகிறாள். மன அழுத்தம் என்ற ஒரே சொல்லால் அன்றாட நெருக்கடியையும் குறிக்கிறோம், உயிரைக் குடிக்கும் மனச்சோர்வையும் குறிக்கிறோம். சொல்லாக்கம் மருத்துவர்கள் மட்டும் செய்யக்கூடிய வேலையன்று. அது கவிஞர்களின் கடன்.

கவிஞர்களிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பித்து இருந்தால்தான் கவிதை பிறக்கும் என்று ஒரு நம்பிக்கை நம்மிடையே உலவுகிறது. 'ழ' இதழை நடத்திய கவிஞர் ஆத்மாநாம் மனநோயோடு போராடி, 1984-இல் தம் 33-ஆம் வயதில் உயிர்நீத்தார். அவரை நோய் எழுத வைக்கவில்லை. நோய் விட்டுவைத்த நாட்களில் அவர் எழுதினார் என்றே நான் கருதுகிறேன். அந்த நோய் தணிந்திருக்குமானால் தமிழுக்கு இன்னும் எத்தனை கவிதைகள் கிடைத்திருக்கும்! நோயை அணியாகப் பாடுவது எளிது. நோயுற்ற நண்பரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது அதனினும் அரிய கவிதை.

விண்ணப்பிக்க எண்ணும் மாணவர் இந்த அவையில் இருந்தால், அவருக்கு மூன்று சொற்கள். ஒன்று, பயிற்சிக் காலத்தின் அந்த இரண்டு வாரத்தைத் தேர்வுக்குப் படிக்கும் விடுமுறையாகக் கழிக்காதீர்கள். ஒரு நோயாளியையாவது முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை தொடர்ந்து பாருங்கள். பேசாதவர் பேசத் தொடங்கும் நாளைக் கண்டால் உங்கள் முடிவு தானே உருவாகும். இரண்டு, அந்தத் துறையில் பணியாற்றும் செவிலியரையும் சமூகப் பணியாளரையும் கேளுங்கள். நோயாளி வீடு திரும்பிய பின் என்ன ஆகிறார் என்பதை அவர்களே அறிவர். மூன்று, யாரும் கேட்காவிட்டாலும் 'நான் ஏன் வருகிறேன்' என்று ஒரு பக்கம் தமிழில் எழுதி வையுங்கள். பிறர் துன்பத்தைத் தீர்க்க என்று மட்டும் எழுதினால் போதாது. உங்கள் வீட்டிலோ மனத்திலோ உள்ள வலி உங்களை இங்கே அழைக்கிறதா என்றும் எழுதுங்கள். அப்படி இருந்தால் அது தகுதிக் குறைவன்று. ஆனால் அதை அறிந்து வர வேண்டும். அறியாமல் வந்தால் நோயாளியிடம் நாம் நம் ஆறுதலையே தேடிக்கொண்டிருப்போம். விரும்பிய துறை கிடைக்காமல் தரவரிசை இங்கே கொண்டுவந்து சேர்த்தவர்களும் பின்னாளில் இதில் ஆழ வேரூன்றியிருக்கிறார்கள். அவர்களும் ஒருநாள் அந்தப் பக்கத்தை எழுதியவர்களே.

இந்த வட்டத்துக்கு என் வேண்டுகோள் இரண்டு. மேற்படிப்பு மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைகளில் பணியாற்ற வேண்டும் என்பது இன்றைய விதி. அப்படி நம் மாவட்டத்துக்கு வரும் இளம் மனநல மருத்துவரை உங்கள் கூட்டத்துக்கு அழையுங்கள். அவருக்கு இவ்வட்டாரத்தின் சொற்களைக் கொடுங்கள். அடுத்து, உங்கள் வீட்டுப் பிள்ளை இத்துறைக்குப் போகிறேன் என்றால் முகம் சுளிக்காமல், 'ஏன்?' என்று அன்போடு கேளுங்கள். தேர்வு கேட்காத கேள்வியை இலக்கிய வட்டமாவது கேட்கட்டும்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. உங்களில் யாருக்கேனும் உறக்கமும் நம்பிக்கையும் ஒருங்கே அற்றுப்போகும் இரவு வந்தால், 14416 என்ற எண் இரவும் பகலும் விடை தரும். தமிழிலேயே பேசலாம்.