தனித்திருக்கும் நூலகர்கள்

(கொச்சி மட்டாஞ்சேரியில் கல்லூரி நூலகர்களிடையே நிகழ்த்திய உரை)



மிளகும் சுக்கும் மணக்கும் இந்தப் பழைய கடைவீதியைக் கடந்து அவைக்கு வரும்போது, எனக்கு ஒரு நூலின் நினைவு வந்தது. டச்சுத் தளபதி வான் ரீடு கொச்சியிலிருந்து தொகுப்பித்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' என்னும் மூலிகை நூல் அது. அட்டையில் இருப்பது அவர் பெயரே. எனினும் சேர்த்தலைப் பகுதியைச் சேர்ந்த இட்டி அச்சுதன் வைத்தியரும், இரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் ஆகிய மூன்று கொங்கணி மருத்துவர்களும் தம்மிடமிருந்த ஏடுகளையும் அனுபவத்தையும் கொண்டுவந்து ஒருங்கு வைக்காவிடில் அந்நூல் உருவாகியிராது. இலத்தீனில் உறங்கிக் கிடந்த அதனை ஆங்கிலத்தில் தந்த தாவரவியல் பேராசிரியர் கா. சு. மணிலால், தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அப்பணிக்கே செலவிட்டார். கேரளப் பல்கலைக்கழகம் அதனை 2003ஆம் ஆண்டு வெளியிட்டது.

கூட்டுழைப்பைப் பற்றி இந்த ஊரில் வந்து பேசுவது, கொல்லன் தெருவில் ஊசி விற்பதைப் போன்றதே. ஆயினும், கல்லூரி நூலகரின் இன்றைய நிலை என்னைப் பேசத் தூண்டுகிறது.

ஒரு துறையில் ஆறு ஆசிரியர்கள் இருந்தால் ஐயம் எழும்போது ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். நூலகரோ பெரும்பாலான கல்லூரிகளில் ஒருவர்தாம். அவருடைய தொழிலை அறிந்த இன்னொருவர் அந்த வளாகத்திலேயே இல்லை. இந்தத் தனிமை புதிதன்று. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன், கணித ஆசிரியப் பணியை விட்டு 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். சில நாட்களிலேயே அந்த அறையின் தனிமை பொறுக்காமல், கல்லூரிக்கே திரும்புகிறேன் என்று முதல்வரிடம் போய் நின்றார். இலண்டன் சென்று நூலகவியல் பயின்று வந்தபின் முடிவு செய்யலாம் என்று முதல்வர் சொல்லவே, அரை மனத்துடன் கப்பலேறினார். அங்கே நூலகம் நூலகமாகப் பார்த்து, நூலகர்களோடு உரையாடிய பிறகே இத்தொழில் அவரைப் பற்றிக்கொண்டது. நாடு திரும்பியவர் 1928இல் சென்னை நூலகச் சங்கம் அமையத் துணைநின்றார். மறு ஆண்டே நூலகர்களுக்குக் கோடைகாலப் பள்ளி தொடங்கிற்று. பல்கலைக்கழகம் அப்பயிற்சியை ஏற்றது பின்னர்தான். நம் பகுதியில் நூலகப் பயிற்சி சங்கத்திலிருந்து பிறந்தது என்பதை நாம் மறந்துவிட்டோம்.

இன்று பயிற்சிக்குக் குறைவில்லை. 1987 முதல் பல்கலைக்கழக மானியக் குழு ஏற்படுத்திய ஆசிரியர் பயிற்சி மையங்கள், பெயர் பலமுறை மாறினாலும், நூலகர்களுக்கும் புத்தொளிப் பயிற்சி அளித்து வருகின்றன. அவற்றில் நானும் அமர்ந்திருக்கிறேன். வெளிப்படையாகச் சொல்வதானால், பதவி உயர்வுக்கு வேண்டிய சான்றிதழ்தான் பலருக்கும் நோக்கம். எனக்கும் அவ்வாறே இருந்தது. கற்றது ஆறு மாதத்தில் கலைந்துபோயிற்று. திரும்ப ஐயம் வந்தபோது கேட்பதற்கு ஆள் இல்லாததே காரணம்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். தென்மாவட்டத்துச் சிறு கல்லூரி ஒன்றில் பணியாற்றியபோது 'கோஹா' மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவ முயன்றேன். முன்கூட்டிப் படியெடுத்து வைக்காதது என் பிழை. நூற்பட்டியல் முழுவதும் திறக்க மறுத்துவிட்டது. தேர்வுக் காலம், மாணவர்கள் வாயிலில் நிற்கின்றனர். மூன்றாம் நாள் பக்கத்து ஊர்க் கல்லூரி நூலகர் அம்மையார் வந்து, ஒரு பிற்பகலில் அதனைச் சீராக்கினார். அவருடைய கல்லூரி 14 கிலோமீட்டர் தொலைவு. ஒன்பது ஆண்டுகளில் நாங்கள் சந்தித்தது அன்றுதான் முதன்முறை.

அம்மென்பொருளின் வரலாறே நமக்கு வேண்டிய செய்தி. நியூசிலாந்தின் ஹோரோஃபெனுவா நூலகத்தில் பழைய கணினி அமைப்பு 2000ஆம் ஆண்டைத் தாண்டாது என்னும் நிலை வந்தபோது அது உருவாக்கப்பட்டு, அவ்வாண்டின் தொடக்கத்தில் இயங்கலாயிற்று. பின்னர் எவரும் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது. 'கோஹா' என்பது மாவோரி மொழிச் சொல். காணிக்கை என்பது அதன் பொருள். பெற்றவர் திருப்பிச் செய்வார் என்னும் எதிர்பார்ப்பும் அச்சொல்லில் உண்டு. நம் ஊர் மொய்யைப் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இனிக் கொச்சியைப் பாருங்கள். 1947இல் தொடங்கி நெடுங்காலம் தமிழ்நாட்டின் மண்டபத்தில் இயங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆய்வு நிறுவனத்தின் தலைமையகம் 1971இல் இங்கு வந்தது. அதே ஆண்டில் கொச்சிப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. வெலிங்டன் தீவில் மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம். எர்ணாகுளத்தில் தேசியக் கடலியல் நிறுவனத்தின் மண்டல மையம். பனங்காட்டில் மீன்வளப் பல்கலைக்கழகம். ஒரே காயலைச் சுற்றிக் கடலியல் நூலகங்கள் இத்தனை. மட்டாஞ்சேரியில் விலங்கியல் பயிலும் மாணவி, ஓர் ஆய்விதழின் பழைய தொகுதி படகில் கடக்கும் தொலைவில் இருப்பதை அறியாமல், 'கிடைக்கவில்லை' என்று எழுதிவிட்டுத் தலைப்பை மாற்றிக்கொள்ள நேரிட்டால், அந்தக் குறை அவளுடையதன்று.

மின்னிதழ்கள் வந்துவிட்டனவே என்பீர்கள். 2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 30 பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களைக் கொண்டது. மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். பெரும் முயற்சிதான். ஆனால் முதற்கட்டம் மத்திய, மாநில அரசுகள் நடத்தும் நிறுவனங்களுக்கு உரியது. தனியார் நிர்வாகத்துக் கல்லூரிகள் மிகுந்த கேரளத்தில் இந்த எல்லைக்கோடு ஒரே தெருவின் இரு பக்கங்களைப் பிரிக்கக்கூடும். திட்டம் எட்டும் இடத்திலும், தேடும் வழியை மாணவருக்குக் காட்ட நூலகரே வேண்டும். 2010இல் கல்லூரிகளுக்கென வந்த 'என்-லிஸ்ட்' திட்டத்தில், மாணவருக்குரிய நுழைவுப் பெயர் கல்லூரியின் வழியாகவே கிடைத்தது. நூலகர் அக்கறை கொள்ளாத கல்லூரியில் அத்திட்டம் இருந்தும் இல்லாததே.

ஆகவே பெரிய கூட்டமைப்பு எதையும் நான் முன்மொழியவில்லை. தீர்மானம் நிறைவேற்றி, தலைவரைத் தேர்ந்து, மாலை அணிவித்துக் கலையும் சங்கங்களை நிறையப் பார்த்துவிட்டேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, முறை வைத்து ஒவ்வொரு கல்லூரி நூலகத்திலும் கூடுவோம். அம்மாதம் எவருக்கு எது தவறிப் போயிற்றோ, அதுவே அன்றைய பாடம். காப்புரிமைச் சட்டமும் பதிப்பாளர் ஒப்பந்தமும் இடந்தரும் அளவில் கட்டுரைகளையும் நூல்களையும் இரவலாக மாற்றிக்கொள்வோம். முதற்பணியாகப் பழைய அச்சு இதழ்களின் கூட்டுப் பட்டியல் ஒன்று வேண்டும்: இதழின் பெயர், உள்ள ஆண்டுகள், விடுபட்ட தொகுதிகள், இருக்கும் அலமாரி. கல்லூரி நிர்வாகத்திடம் நிதி கேட்க வேண்டியதில்லை. அந்தச் சனிக்கிழமையைப் பணிநாளாகக் கருதும்படி கேட்டால் போதும். முதல்வர்கள் சிலர் இங்கே அமர்ந்திருப்பதால் இதனைச் சற்று உரக்கவே சொல்கிறேன்.

என் நூலகத்தின் பட்டியலை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். 41 இதழ்கள், ஒன்பதில் இடையிடையே தொகுதிகள் இல்லை. வெளியே மேசைமீது வைத்திருக்கிறேன். அவற்றில் எது உங்களிடம் உண்டோ, அதன் எதிரே கல்லூரியின் பெயரைக் குறித்துவிட்டுச் செல்லுங்கள்.